கோட்டுக்காகக் கப்பலைக் கோட்டை விடாதீர்கள்

சொகுசுக் கப்பலில் இடம் பதிவானதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கோட்டு சூட்டு கட்டாயமா?" இரண்டாவது, "சாப்பாடு எப்படி?" விசாவைப் பற்றிய கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். கப்பல் கிளம்பும் நேரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். கோட்டு போடாத குற்றத்துக்காக யாரையும் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் போவதில்லை. விசா சரியில்லாதவர்களை விட்டுவிட்டுப் போகும், நேரத்துக்கு வராதவர்களையும் விட்டுவிட்டுப் போகும். அதனால் இந்தப் பட்டியலில் உடைக்கு முதலிடம் இல்லை. இத்தாலியில் ஏறி, கிரேக்கத் தீவுகளைச் சுற்றி வரும் மத்தியதரைக் கடல் பயணத்தை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற கடல்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கிளம்பும் முன்

செய்ய வேண்டியவை:

• கப்பல் நிற்கும் துறைமுகங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்த நாடு ஷெங்கனில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஏறுகிறீர்கள். துருக்கியின் குசாதாசியில் ஒரு பகல் இறங்கி எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்கிறீர்கள். ஏதென்ஸில் பயணம் முடிகிறது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே நுழையும் பயணம். ஒருமுறை நுழைவு விசாவோடு வருபவரை ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டிய பணமும் திரும்பாது. பலமுறை நுழைவு விசா கேட்டு வாங்குங்கள். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. அதை ஒட்டியிருக்கும் மாண்டினீக்ரோ சேரவில்லை. ஏட்ரியாட்டிக் பயணங்களில் இந்த இரண்டு நாடுகளும் பல சமயம் அடுத்தடுத்த நாளில் வரும். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா தாய்லாந்து போய்விட்டு, சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்கும் இதே கணக்குதான்.

• துறைமுக நகரத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். துபாயிலோ தோஹாவிலோ இணைப்பு விமானம் தவறினால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

• காப்பீடு எடுக்கும்போது, நடுக்கடலிலிருந்து நோயாளியை அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்று ஒரு வரியாவது படித்துப் பாருங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் டாலரில் பில் உண்டு. பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகள் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

• மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

செய்யக்கூடாதவை:

• மின்சார குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் தருவார்கள். அறையில் விளக்கேற்றுவது, ஊதுவத்தி, கற்பூரம் எதுவுமே கூடாது. இதில் பக்தியைப் பற்றிய பேச்சே இல்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. பருப்புப்பொடி, தொக்கு போன்ற சீல் வைத்த பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் தடுப்பதில்லை.

• கப்பலின் பழத்தட்டிலிருந்து ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துத் துறைமுகங்களில் அபராதம் கடுமை.

உடை

இப்போது கோட்டுக்கு வருவோம். எல்லாச் சொகுசுக் கப்பலும் ஒரே விதிப்படி நடப்பதில்லை. குனார்ட் நிறுவனத்தின் க்வீன் மேரி 2 பழைய மரபை விடாமல் வைத்திருக்கிறது. சௌதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான ஏழு இரவுப் பயணத்தில் 'காலா' இரவுகள் உண்டு. அன்று ஆண்கள் டக்ஸீடோவோ, டையுடன் கூடிய அடர்நிறச் சூட்டோ அணிய வேண்டும். வைக்கிங், ஓஷியானியா கப்பல்களில் அப்படிப்பட்ட இரவே கிடையாது. நல்ல பேன்ட், காலர் வைத்த சட்டை போதும். சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் மூன்றும் முன்சொன்ன இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கின்றன. ஆக, டக்ஸீடோ தைக்கக் கொடுக்கும் முன் எந்தக் கப்பல் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியவை:

• நம் உடையைத் துணிந்து எடுத்துப் போங்கள். டக்ஸீடோவுக்குச் சமமாகத் தேசிய உடையையும் குனார்ட் ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டிக்கொண்டு வரும் கூடத்தில், முழுக்கைச் சட்டையும் பட்டு வேட்டியுமாக நீங்கள் வருவதில் ஒரு குறையும் இல்லை. வாடகை டக்ஸீடோவில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நெளிவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கட்சி. வேட்டிக்கு பெல்ட் அவசியம். மேல்தளக் காற்றுக்கு ஒட்டிக்கோ-கட்டிக்கோ வகைதான் தாங்கும்.

• பெண்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். காலா இரவுக்குக் கனமான காஞ்சிபுரம் ஒன்று, மற்ற இரவுகளுக்கு மடித்தால் இடம் அடைக்காத மைசூர் சில்க்கோ க்ரேப்போ இரண்டு மூன்று இருந்தால் பத்து நாளை ஓட்டிவிடலாம். திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளுக்குக் கீழே, தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயரமான நிலைப்படி வைத்திருப்பார்கள். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். முந்தானைக்கு ஊக்கு கட்டாயம்.

• குளிரூட்டிய சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு சால்வை, ரப்பர் அடியுள்ள செருப்பு ஒரு ஜோடி, நடைக்கு நல்ல ஷூ. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

செய்யக்கூடாதவை:

• நீச்சல் உடையிலும் குளியலறை அங்கியிலும் உணவுக்கூடத்துக்குள் நுழையாதீர்கள். இரவு உணவுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. விலை அதிகமான பிராண்ட் என்றாலும் கிழிசல் ஜீன்ஸ், கிழிசல் ஜீன்ஸ்தான்.

• அலங்கரித்துக்கொள்ளும் மனநிலை இல்லாத நாளில் அடம்பிடித்து உணவுக்கூட வாசலில் நிற்காதீர்கள். க்வீன் மேரியில் கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் காலா இரவிலும் சாதாரண உடைக்காரர்களுக்குத் திறந்தே இருக்கும். அறைக்கே சாப்பாட்டை வரவழைத்தும் சாப்பிடலாம்.

கப்பலுக்குள்

ஒவ்வொரு இரவும் மறுநாளின் நிகழ்ச்சி நிரல் அறைக்கு வரும். காகிதமாகவோ செயலியிலோ வரும் அதை ஐந்து நிமிடம் படியுங்கள். கரையிறங்கும் நேரம், திரும்ப வேண்டிய நேரம், மாலை உடை, கடிகாரத்தை முன்னே பின்னே தள்ள வேண்டுமா, துறைமுக முகவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில்தான் இருக்கும். கப்பலில் மக்கள் படும் குழப்பங்களில் பாதி, இதைப் படிக்காமல் போனதால் வருவது.

செய்ய வேண்டியவை:

• பாதுகாப்பு ஒத்திகைக்குத் தவறாமல் போங்கள். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அபாயம் என்று பொருள். உங்கள் கூடுமிடம் எங்கே என்று நடந்துபோய்ப் பார்த்து வையுங்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியாவில் ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்ற விதி 2015 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒத்திகையைச் சலிப்போடு பார்க்கும் சக பயணிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

• சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் திரவம் சரிவரப் பலிப்பதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. பஃபே வாசலில் கை கழுவும் தொட்டி வைத்திருப்பது அதற்காகத்தான்.

• சைவர்கள் முதல் இரவே தலைமைப் பரிசாரகரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். சில சமையல்காரர்கள் மீன் குழம்பைச் சைவம் என்று நினைக்க மாட்டார்கள், ஆனால் கோழிச் சாறில் வெந்த ரிசோட்டோவைக் கவனிக்காமல் விடலாம். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் வயிற்று நொதி சேரும். பன்னா கோட்டாவில் ஜெலட்டின் இருக்கும். சொகுசுக் கப்பல்களில் முந்தின இரவே மறுநாள் மெனுவைக் காட்டி, வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். சமையலறையில் இந்தியச் சமையல்காரர் இருந்தால் பருப்பும் சோறும் நிச்சயம். இட்லியை எதிர்பார்க்காதீர்கள்.

• குமட்டல் வரும் உடம்பு என்றால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. அவோமின் மாதிரி மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு.

• ஏறியதும் கைப்பேசியை விமான முறைக்கு மாற்றி, கப்பலின் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள். மாற்றாவிட்டால், கடல் நடுவே உங்கள் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் ஒட்டிக்கொள்ளும். ஊர் திரும்பியதும் வரும் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும்.

செய்யக்கூடாதவை:

• விடியற்காலையில் துண்டைப் போட்டுச் சாய்வு நாற்காலி பிடிக்காதீர்கள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே கைக்குட்டை போடும் அதே வித்தைதான், இங்கே செல்லாது. பல கப்பல்களில் ஆளில்லாத துண்டை அரை மணியில் எடுத்துவிடுகிறார்கள்.

• பால்கனியில் சிகரெட் பிடிக்காதீர்கள், சிகரெட் துண்டைக் கடலில் எறியவும் எறியாதீர்கள். காற்று அதை உள்ளேயே திருப்பும். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனி பால்கனியாகத் தீ பரவியதற்கு, அணைக்காமல் எறிந்த சிகரெட்டே பெரும்பாலும் காரணம் என்று விசாரணை சொன்னது.

• முறையான உணவுக்கூடத்தில் கையால் பிசைந்து சாப்பிட வேண்டாம் என்பேன். ரொட்டியைப் பிய்த்துத் தின்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சோற்றை ஆசையாகப் பிசைந்து சாப்பிட உங்கள் அறை இருக்கிறது.

கரையில்

பயணத்தின் பணமும் பதற்றமும் இங்கேதான் கூடுதல். முதலில் ஒரு உண்மை. அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 75 கி.மீ. 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ, சுமார் 90 கி.மீ. 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், 200 கி.மீ. 'வெனிஸ்' என்றாலும் நகரத்தின் நடுவே இறங்கும் காலம் போய்விட்டது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாயில் நுழைய 2021 ஆகஸ்ட் முதல் தடை இருப்பதால் பல கப்பல்கள் த்ரியெஸ்தேயிலோ ராவென்னாவிலோ நிற்கின்றன.

செய்ய வேண்டியவை:

• தூரத்தை வைத்து முடிவெடுங்கள். ரோம், ஃப்ளாரன்ஸ், பாரிஸ் போன்ற தூர ஊர்களுக்குக் கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பேருந்து நெரிசலில் மாட்டினால், கப்பல் பொதுவாகத் தன் பயணிகளுக்காகக் காத்திருக்கும். அப்படி முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுவந்து சேர்க்கும். மால்டாவின் வலெட்டாவில் கதை வேறு. கப்பல் நகரத்தின் காலடியிலேயே நிற்கும், பர்ராக்கா லிஃப்டில் ஏறினால் தோட்டத்தில் இறங்கலாம். டூப்ரோவ்னிக்கில் துறைமுகத்திலிருந்து பழைய நகரம் 3 கி.மீ. பிரேயஸில் மெட்ரோ ஏறினால் ஏதென்ஸ். இங்கெல்லாம் கப்பலின் சுற்றுலாவை வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு. ரீஜென்டில் பெரும்பாலான சுற்றுலாக்கள் கட்டணத்திலேயே அடக்கம். வைக்கிங்கில் துறைமுகத்துக்கு ஒன்று இலவசம். நல்லவை சீக்கிரம் நிரம்பும், ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள்.

• கையில் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்தில்தான் கிளம்பும். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு மணி வித்தியாசம். அட்டவணையில் உள்ள கடைசி ஏறும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடுங்கள்.

• சாந்தோரினி போன்ற இடங்களில் கப்பல் ஆழத்தில் நின்றுகொள்ளும். சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். படகு ஓரடி ஏறி ஓரடி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசலில் இரண்டு மாலுமிகள் நிற்பார்கள். அவர்கள் உங்கள் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார்கள். முழங்கைக்குக் கீழே இறுகப் பிடிப்பார்கள், நீங்களும் அப்படியே பிடிக்க வேண்டும். "இப்போது" என்று சொல்லும் கணம் வரை காலைத் தூக்காதீர்கள். சொன்னதும் ஒரே எட்டு, அவ்வளவுதான். கையில் போன், தோளில் பை, இன்னொரு கையில் பேரன் என்று வருபவர்களால்தான் வரிசை நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

• அதே சாந்தோரினியில் திரும்பும் நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். ஃபிரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க கேபிள் கார் உண்டு. பயணம் சில நிமிடங்கள்தான், பிற்பகலில் வரிசை மட்டும் ஒரு மணியைத் தாண்டும். ஒரே நாளில் வரும் கப்பல் பயணிகளுக்கு 8,000 என்று வரம்பு வைத்த பிறகும் கூட்டம் கூட்டம்தான். முழங்கால் தாங்குமானால் சுமார் 600 படிகள் இருக்கின்றன, கழுதைச் சாணத்தைப் பார்த்து இறங்குங்கள்.

• வாடிகனுக்குத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. சிஸ்டைன் சேப்பலில் படமெடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. கரீபியன் பயணம் என்றால் ராணுவப் புள்ளிச் சட்டையை வீட்டிலேயே வையுங்கள். பார்படோஸ், ஜமைக்கா உட்படப் பல தீவுகளில் அதைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம்.

செய்யக்கூடாதவை:

• சாந்தோரினியில் கழுதை மேல் ஏறாதீர்கள். 100 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018-இல் விதி போட வேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லும்.

• தனியார் வழிகாட்டியின் "நேரம் இருக்கிறது" என்ற வாக்கை மட்டும் நம்பாதீர்கள். 2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா போன எட்டுப் பேர் நேரத்துக்குத் திரும்பவில்லை. கடலோரக் காவல் படகு அவர்களை நார்வேஜியன் டான் கப்பலுக்கு அருகே கொண்டுபோயும் அது ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்த துறைமுகமான காம்பியாவுக்கு அடித்துப் பிடித்துப் போனால், கப்பல் அங்கே கரைசேர முடியாமல் போய்விட்டது. கடைசியில் செனகலில்தான் ஏறினார்கள். அவர்கள் அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடிமக்கள். வழியில் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவைப்படும் பாஸ்போர்ட்காரர் அந்த இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

• சாந்தோரினி, மைகோனோஸில் உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ வரி கணக்கில் ஏறியதற்காக வரவேற்பு மேசையில் சண்டை போடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து கிரேக்க அரசு விதித்தது அது.

ஊழியர்களிடம்

• சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர் உண்டு. பெட்டியைப் பிரித்து அடுக்கச் சொல்லலாம், ஷூவுக்குப் பாலிஷ் கேட்கலாம், கசங்கிய பட்டை இஸ்திரிக்குக் கொடுக்கலாம். கூச்சப்படாதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள்.

• தமிழ் பேசும் ஊழியரைக் கண்டால் பேசுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்கலாம். "சம்பளம் எவ்வளவு?" என்று அடுத்த மூச்சில் கேட்க வேண்டாம். சர்வதேசச் சட்டம் வாரத்துக்கு 72 மணி நேர வேலை வரை அனுமதிக்கும் தொழில் அது, வீட்டை விட்டு வந்து பல மாதம் ஆகியிருக்கும்.

• டிப்ஸ்: சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்டில் கட்டணத்திலேயே அடக்கம். வேறு பல கப்பல்களில் தினம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறும். அதை நீக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், தடையில்லை. எனக்கு அது கேவலமாகப் படுகிறது.

கடைசி இரவு

• பெரிய பெட்டிகளை இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் போட வேண்டிய உடையையும் செருப்பையும் பெட்டிக்குள் போட்டுவிட்டு இரவு உடையில் நிற்காதீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் நிற்கிறார்.

• கணக்கு அறிக்கையை இரவே வரிவரியாகப் பாருங்கள். மதுவுக்கோ ஸ்பாவுக்கோ தவறாக ஏறியிருந்தால் அப்போதே சொல்லுங்கள். காலையில் அந்த மேசையில் நூறு பேர் நிற்பார்கள்.

• பாஸ்போர்ட்டைக் கப்பல் வாங்கி வைத்திருந்தால், அது திரும்பி வந்ததா என்று பார்த்த பிறகு தூங்குங்கள்.

• காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும், குடியேற்றம் முடிந்து, பெட்டியைத் தேடி எடுத்து, வண்டி பிடிக்க ஒன்பதரை பத்து ஆகிவிடும். சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் விமான நிலையத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். பிற்பகல் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள்.